முன்னாள் ஓட்டக்காரர் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு

கேள்வி: "அப்பாவுக்கு 64 வயது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1980களின் தொடக்கத்தில் சிலாங்கூருக்காக 100 மீட்டரும் அஞ்சல் ஓட்டமும் ஓடியவர். அதை வைத்துத்தான் எல்.எல்.என்-இல், அதாவது அப்போதைய மின்சார வாரியத்தில், வேலை கிடைத்தது. இப்போது கோலாலம்பூர் செத்தாபாக் பிளாட்டில் எங்களோடு இருக்கிறார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் '10.6 ஓடினேன்' என்கிறார். கல்யாணத்துக்குக்கூட மாநில பிளேசரைப் போட்டுக்கொண்டு வருகிறார். என் மகனுடைய தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில், அஞ்சல் ஓட்டத்தில் பேட்டன் (கைமாற்றும் குச்சி) மாற்றும் எல்லை தப்பு என்று ஆசிரியரோடு சண்டை. 11 வயதுப் பையனை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடவிடுகிறார். அம்மா தவறிய பிறகு எல்லாம் கூடிவிட்டது. இது ஏதாவது நோயா? பழசிலிருந்து அவரை எப்படி வெளியே கொண்டுவருவது?"

பதில்:

முதலில் அந்த 10.6 விநாடிக் கணக்கைப் பேசி முடித்துவிடுவோம், மா. உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

நான் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று பல போட்டிகளில் நேரம் எடுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் படிப்படியாக உயரும் மேடை ஒன்று போட்டிருப்பார்கள். அதில் ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச்சோடு நாங்கள் வரிசையாக உட்காருவோம். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தக்கூடாது. நூறு மீட்டர் தாண்டி அந்தச் சத்தம் காதுக்கு வந்து சேரவே கால் விநாடிக்கு மேல் ஆகும். புகையைப் பார்த்ததும் அழுத்தவேண்டும். அப்படியும் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் நழுவிவிடும். முடிவில் மட்டும் ஓடி வருகிறவனை முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம், அதனால் அங்கே அந்தத் தாமதம் இருப்பதில்லை. ஆகக் கையால் எடுத்த நேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிடவேண்டும் என்றால் 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களில் உலகச் சாதனைக்கு மின்னணு நேரம் மட்டும்தான் செல்லும் என்று ஆனதற்குக் காரணமும் இதுதான்.

அப்பாவின் 10.6 இன்றைய கணக்கில் ஏறத்தாழ 10.84. அவர் பொய் சொல்லவில்லை, வேறு அளவுகோலில் சொல்கிறார். இன்று மாநிலப் போட்டியில் ஒரு பையன் 10.9 ஓடினான் என்று செய்தி வரும்போது அவர் உதட்டைச் சுழிப்பார், நீங்கள் எரிச்சல் படுவீர்கள். உண்மையில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். ஆனால் உங்கள் அப்பா ஓடியிருக்கக்கூடிய திடல்களில் பல வெறும் புல்தரை. மழை பெய்த மறுநாள் காலணி முள் ஒரு அங்குலம் இறங்கும் தரை. அதில் 10.84 என்றால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். இதை அவரிடம் யாராவது ஒருவர் விவரம் தெரிந்து சொல்லியிருந்தால், அவர் பத்துப் பேரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார் என்பது என் கணிப்பு.

இனி, ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு வருகிறேன்.

அறுபதுகளிலிருந்து இந்த நாட்டுத் திடல்தடப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் நம் பெயர்கள் வரிசையாக வரும். தாப்பாவைச் சேர்ந்த எம்.இராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 1966இல் பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே பேங்காக்கில் எம்.ஜெகதீசனுக்கு 100, 200, அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம். நாட்டின் முதல் சிறந்த விளையாட்டாளர் விருது அந்த ஆண்டு இவர்கள் இருவருக்கும்தான் போனது. 1985இல் ஜக்கார்த்தா ஆசிய வெற்றியாளர் போட்டியில் பி.ராஜ்குமார் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி.சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம். கால்பந்தில் கோல்காப்பாளர் ஆர்.ஆறுமுகம், 'ஸ்பைடர்மேன்'. அவர் 1988இல் சாலை விபத்தில் இறந்தபோது அழாத தமிழ் வீடு குறைவு.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு பெரும் கூட்டம் இருந்தது. உங்கள் அப்பா அந்தக் கூட்டத்து ஆள். தோட்டத்தில் ஒரு திடல் இருக்கும், சாயங்காலம் ஆனால் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் முதல் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வரை அங்கேதான் நிற்பார்கள். வேகமாக ஓடுகிற பையனைப் போலீசும் இராணுவமும் சிறைத்துறையும் இரயில்வேயும் மின்சார வாரியமும் தேடி வந்து வேலை கொடுத்தன. பால்மரம் வெட்டுகிறவர் பிள்ளைக்கு அரசாங்கச் சம்பளமும் மருத்துவச் சலுகையும் பென்ஷனும் கிடைக்க, படிப்பை விட்டால் கால்தான் வழி. உங்கள் அப்பாவின் வேகம் ஒரு குடும்பத்தையே தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தது. நீங்கள் படித்த படிப்பின் அடியில் அந்த 10.6 கிடக்கிறது. அதைப் 'பழம்பெருமை' என்று வீட்டில் ஒரே சொல்லில் தள்ளிவிடும்போது அவருக்கு வலிப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தத் தோட்டம் எங்கே? பெரும்பாலும் அது இப்போது ஒரு குடியிருப்புத் தாமானாகவோ தொழிற்பேட்டையாகவோ இருக்கும். தோட்டங்கள் கைமாறிய பிறகு சனங்கள் கிள்ளான், ரவாங், பூச்சோங், செந்தூல் என்று சிதறினார்கள். அவர் ஓடியதை வேலி ஓரம் நின்று கண்ணால் பார்த்தவர்கள் ஒரே இடத்தில் இருந்தவரை, அவர் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது. "அந்தா போறான் பாரு" என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். செத்தாபாக் பிளாட்டில் லிஃப்டில் கூட வருகிறவருக்கு அவர் யாரோ ஒரு அங்கிள். சாட்சிகள் இல்லாமல் போனதால் அவரே சாட்சியும் ஆகிவிட்டார். தன் கதையைத் தானே சொல்லுகிற மனிதரைக் கேட்பவர்களுக்குத் தற்பெருமைக்காரராகத்தான் தெரியும். அது அவருக்கும் தெரியும், தெரிந்தும் நிறுத்தமுடியவில்லை.

அம்மா தவறிய பிறகு கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: அம்மா அவர் ஓடியதை நேரில் பார்த்தவரா? பார்த்திருந்தால், வீட்டில் இருந்த கடைசிச் சாட்சியும் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துக்கத்தின் ஒரு பகுதியைத்தான் நீங்கள் பிளேசராகப் பார்க்கிறீர்கள்.

நோயா என்று கேட்டதற்கு: இல்லை. உளவியலில் இதை 'விளையாட்டாளர் அடையாளம்' என்று பேசுவார்கள். 1993இல் பிரூவர் என்பவரும் கூட இருவரும் அதை அளக்க ஒரு கேள்வித்தாள்கூடச் செய்தார்கள். 'என் வாழ்க்கையில் முக்கியமானது விளையாட்டு மட்டுமே' என்பது போன்ற வாக்கியங்களுக்கு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறீர்கள் என்று அதில் மதிப்பெண் இடவேண்டும். ஓடும் காலத்தில் அந்த மதிப்பெண் கூட இருப்பது நல்லதுதான், இல்லாவிட்டால் எவன் மழையில் பயிற்சிக்கு வருவான்? ஓட்டம் நின்ற பிறகும் அப்படியே இருந்தால்தான் சிக்கல். பொதுவாக ஒரு மனிதர் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் ஒரு முறை ஓய்வு பெறுகிறார். குறுந்தூர ஓட்டக்காரர் முப்பதுக்குள் ஒரு முறையும், வேலையிலிருந்து இன்னொரு முறையும் ஓய்வு பெறுகிறார். முதல் ஓய்வுக்கு அவருக்கு யாரும் விருந்து வைப்பதில்லை. ஒரு வருடம் தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான் அறிவிப்பு.

ஜெகதீசனைப் பாருங்கள் என்று யாராவது உபதேசம் செய்ய வருவார்கள். அதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் அரையிறுதியில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள், நின்றது. மெக்சிக்கோவோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவத் தொழிலுக்குப் போனார், அரசாங்க மருத்துவத் துறையில் பெரிய பொறுப்புகளுக்கு வந்தார், ஒலிம்பிக் மன்றத்திலும் மருத்துவப் பொறுப்பிலும் விளையாட்டோடே இருந்தார். 'பறக்கும் டாக்டர்' என்று பெயர். அவருக்குப் பழைய ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டிய தேவை இல்லாமல் போனதற்குக் குணம் மட்டும் காரணம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கையில் மருத்துவப் படிப்பு இருந்தது. எல்.எல்.என் ஊழியரான உங்கள் அப்பாவுக்கு இன்னொரு கையில் என்ன இருந்தது? அவரோடு இவரை ஒப்பிடுவது நியாயமே இல்லை. பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட்டும் அப்படித்தான். எட்டு உலகப் பட்டம், 2006 முதல் 2015 வரை ஸ்குவாஷில் தொடர்ந்து உலக முதலிடம், 2019இல் ஓய்வு. இப்போது தம் பெயரிலான அறநிறுவனத்தின் வழியாகப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷோடு ஆங்கிலமும் சொல்லித்தர ஏற்பாடு செய்கிறார். மெச்சவேண்டியதுதான். ஆனால் உச்சிக்குப் போனவர்களுக்கு இறங்கும் பாதையும் கொஞ்சம் அகலமாகவே அமைகிறது.

உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றவர்களுக்குத்தான் விடமுடிவதில்லை என்று நான் நினைக்கிறேன். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பதக்க மேடையில் நின்றவர்களின் முகங்களை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 1995இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்களாம். வெள்ளிக்காரர் தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரர் வெறுங்கையோடு போன நான்காவது ஆளை நினைக்கிறார். நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று நம் கால்பந்துக் குழு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. பிறகு சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றும் போகமுடியவில்லை. அந்த ஆட்டத்தை நாடே இன்றுவரை பேசுகிறது. நாடு பேசினால் வரலாறு, உங்கள் அப்பா பேசினால் தொல்லை. அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: தேசியக் குழுத் தேர்வு வரை போனாரா, எதில் தவறியது என்று. அவர் எல்லாரிடமும் 10.6-ஐச் சொல்வது, யாரிடமும் அந்த இன்னொரு கதையைச் சொல்லாமல் இருப்பதற்காகவும் இருக்கலாம்.

நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது: நம் சமூகத்தின் பொன்னாடைப் பழக்கம் இந்த மனிதர்களுக்கு நல்லது செய்வதில்லை. ஒரு சங்கத்து ஆண்டு விழா, ஒரு கோயில் மண்டபம், முன்வரிசையில் டத்தோ பட்டக்காரர்கள். 'முன்னாள் மாநில ஓட்டக்காரர்' என்று அழைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னம் கையில் கொடுத்து, படம் எடுத்து இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். அவர் ஓடிய தூரத்தைக்கூட அறிவிப்பாளர் தப்பாகச் சொல்வார். ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சின்னம் அலமாரியில் ஏறும், அடுத்த விழாவுக்கு அவர் காத்திருக்கத் தொடங்குவார். வயிறு நிறையாத விருந்து அது. கௌரவிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், அதுதான் கௌரவம் என்கிறேன்.

ஒன்று பார்த்தேன், சொல்கிறேன். செந்தூல் பக்கம் ஒரு திடலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அஞ்சல் ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பேட்டனை வாங்குகிற பையன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தான், ஒவ்வொரு முறையும் வேகம் செத்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அவரும் பழைய மாநில ஓட்டக்காரர், எழுந்து வந்து குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து அளந்தார். அளந்த இடத்தில் புல்லைக் காலால் தேய்த்து ஒரு கோடு போட்டார். "அவன் இந்தக் கோட்டை மிதிச்சதும் நீ கிளம்பு. திரும்பாதே. கத்துவான், அப்ப கையை மட்டும் நீட்டு." பையன் நீட்டிய கை ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அரை அங்குலம் திருப்பி, கட்டைவிரலை விரித்து வைத்தார். "கை மரம் மாதிரி நிக்கணும். பேட்டன் உன்னைத் தேடி வரும், நீ அதைத் தேடாதே." முதல் ஆள் வலக்கை, இரண்டாவது இடக்கை, மூன்றாவது வலக்கை, நான்காவது இடக்கை என்று ஏன் பிடிக்கவேண்டும், வளைவில் ஓடுகிறவன் உள்கோட்டை ஒட்டி எப்படி வருவான் என்று விளக்கினார். நாலைந்து முயற்சியில் பேட்டன் சத்தம் இல்லாமல் கை மாறியது. அந்த ஒரு மணி நேரமும் அவர் தம்முடைய பழைய நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

உங்கள் மகன் பள்ளிச் சண்டைக்கு வருவோம். அப்பா ஓடிய காலத்தில் 4×100இல் பேட்டன் மாற்றும் எல்லை 20 மீட்டர். வாங்குகிறவர் அதற்கு 10 மீட்டர் முன்னாலிருந்தே ஓடத் தொடங்கலாம், ஆனால் பேட்டன் கை மாறுவது அந்த 20க்குள் நடக்கவேண்டும். உலகத் தடகள விதி 2017 நவம்பரில் மாறியது. இப்போது அந்தப் பத்தையும் சேர்த்து மொத்தம் 30 மீட்டரும் மாற்றும் எல்லைதான். ஆக ஆசிரியர் போட்ட கோடு 30 மீட்டராக இருந்தால் அவர் சரி. வாங்குகிறவன் கிளம்பும் இடம் பழைய இடமேதான் என்று உங்கள் அப்பா வாதாடியிருந்தால் அவரும் சரி. நேருக்கு நேர் நின்று இரண்டு பேர் சரியாகச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார்கள்! புதிய விதியை அச்சடித்து அப்பாவிடம் கொடுங்கள். 'நீங்கள் சொன்னது தப்பு' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். 'இதைக் கொஞ்சம் எனக்கு விளக்குங்கப்பா' என்று கொடுங்கள். ஒரு விதி ஏன் மாறியது என்று யோசிக்க ஆரம்பித்தால், அவர் 1982இலிருந்து இன்றைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அதற்கடுத்து, அவருக்கு ஆர்வம் இருந்தால் முறையாக வரட்டும். தேசியப் பயிற்றுநர் திட்டத்தில் விளையாட்டு அறிவியல், குறிப்பிட்ட விளையாட்டு என்று நிலை 1, 2, 3 வரை வகுப்புகள் உண்டு. திடல்தடச் சங்கங்கள் போட்டி அதிகாரிகளுக்கான பயிற்சியும் நடத்துகின்றன. 64 வயதில் பரீட்சையா என்று முதலில் முறைப்பார். எனக்கென்னவோ, உங்கள் அப்பா மாதிரி விதிக்காகச் சண்டை போடுகிற ஆளுக்குப் பயிற்றுநர் வேலையைவிட அதிகாரி வேலைதான் பொருந்தும் என்று படுகிறது. பேட்டன் எல்லையில் கொடி பிடித்து நிற்கும் நடுவர் வேலை இருக்கிறதே, அதற்கு அவரைப்போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். பிளேசருக்கும் அங்கே ஒரு காரணம் இருக்கும்.

பையன் விஷயத்தில் மட்டும் நான் அப்பா பக்கம் இல்லை. அதை இந்த வாரமே நிறுத்துங்கள். 11 வயது, எலும்பு இன்னும் வளர்கிற வயது. எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் ஓடும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வருவது சாதாரணம். குதிகால் எலும்பின் வளரும் பகுதியைக் குதிகால் தசைநாண் இழுத்து இழுத்துப் புண்ணாக்குவதால் வருவது அது. வலியைச் சொன்னால் 'சோம்பேறி' என்று தாத்தா திட்டுவார் என்பதால் பையன் மறைப்பான். தூக்கத்தை வெட்டி ஐந்து மணிக்கு ஓடவிடுவதால் வேகம் வராது. அந்த வயதில் வேகம் என்பது ஒளிந்து பிடித்து, பந்து, பூப்பந்து, நீச்சல் என்று எல்லாவற்றிலும் கலந்து வளர்வது. ஒரே விளையாட்டில் இவ்வளவு சீக்கிரம் பூட்டி வைத்தால் பதினாறு வயதில் வெறுத்துவிட்டுப் போகிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்த்தேன். அப்பாவிடம் இதைக் கெஞ்சிச் சொல்லாதீர்கள், தாயாக நின்று சொல்லுங்கள்: வாரத்தில் இரண்டு சாயங்காலம், பள்ளித் திடலில், பள்ளி ஆசிரியரும் இருக்கும்போது மட்டும். தாத்தாவுக்குக் கோபம் வரும். வரட்டும். பேரன் மூலமாக இரண்டாம் முறை ஓடுவதற்கு அவருக்கு உரிமை இல்லை.

அவரே ஓட ஆசைப்பட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. மூத்தோர் திடல்தடப் போட்டிகள் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாக நடக்கின்றன.  வயதுக்கேற்ப நேரத்தைச் சதவீதமாக மாற்றிப் பார்க்கும் அட்டவணைகள்கூட உண்டு, ஆக 64 வயதுக்காரர் தம் இளமை நேரத்தோடு ஓரளவு நியாயமாகப் போட்டி போடலாம். 2018இல் பினாங்கில் ஆசிய பசிபிக் மாஸ்டர்ஸ் விளையாட்டுகள் நடந்தபோது வெள்ளைத் தலைகளாகவே திடல் நிறைந்திருந்தது. ஆனால் ஒன்று, தோற்கத் தெரிந்தவருக்குத்தான் அது மருந்து. எவரோ ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஐம்பது வயதில் ஓடத் தொடங்கியவர், முன்னாள் மாநில ஓட்டக்காரரை அங்கே சுலபமாக முந்திவிடுவார். முதல் முறை அப்படி நடந்தால் உங்கள் அப்பா சிரிப்பாரா, முள்காலணியைத் தூக்கி எறிவாரா என்று உங்களுக்குத்தான் தெரியும். எறிவார் என்றால் அந்தப் பக்கம் இழுக்கவேண்டாம்.

எப்படி இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் வேக ஓட்டம் கூடாது. வயதாக ஆகச் சுருங்குவது முதலில் வேகத்துக்கான தசை இழைகள்தான். மனம் மட்டும் இருபது வயது வேகத்தைக் கேட்கும், பின்தொடைத் தசையோ குதிகால் தசைநாணோ அறுந்துபோகும். இன்னொன்று, ஓடிய காலத்துச் சாப்பாட்டை ஓட்டம் நின்ற பிறகும் விடாதவர்கள் நம்மில் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இனத்தவரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. 'நான் ஸ்போர்ட்ஸ்மேன், எனக்கென்ன' என்று சொல்லிச் சொல்லியே பரிசோதனைக்குப் போகாமல் விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கிலேயே பார்ப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இருதயம், எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பழசைப் பேசுவதற்கும் மனம் உடைந்துபோவதற்கும் வித்தியாசம் உண்டு. பேசுகிறவர் நலமாக இருக்கிறார். பதக்கங்களைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், குடி கூடினால், 'அம்மா இருந்த இடத்துக்கே போய்விடலாம்' என்று ஒரு முறை சொன்னாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனம் விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் 03-7627 2929 எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், பேசுவது அப்பாவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

அரசாங்கத்திலிருந்து ஏதாவது வருமா என்று பலர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் 5,000, 3,000, 2,000 ரிங்கிட் என்பதெல்லாம் ஒலிம்பிக் தங்கம், வெள்ளி, வெண்கலம் வாங்கியவர்களுக்கு. நாட்டைப் பிரதிநிதித்த முன்னாள் விளையாட்டாளர்கள் நலிந்திருந்தால் 'யாக்கெப்' என்னும் தேசிய விளையாட்டாளர் நல அறக்கட்டளை உதவுகிறது. மாநிலத்துக்காக மட்டும் ஓடியவர்களுக்கு இந்த இரண்டும் கைகொடுக்காது.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. அப்பாவின் ஓட்டத்துக்கு எழுத்துச் சாட்சி தேடுங்கள். நம்மவர்களின் விளையாட்டு வரலாறு பெரும்பாலும் தமிழ் நாளிதழ்களின் கடைசிப் பக்கங்களில்தான் கிடக்கிறது, 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றும் போய்விட்டது. துன் ரசாக் சாலையில் உள்ள தேசிய நூலகத்தில் பழைய நாளிதழ்கள் நுண்படச் சுருளாக இருக்கின்றன. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியத்தில் 'தமிழ் முரசு', 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இரண்டையும் வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். மலேசியப் போட்டி முடிவுகளும் அதில் அவ்வப்போது வந்திருக்கின்றன. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். முனியாண்டி என்ற ஒரு பெயரை அந்தக் காலத்து நிருபர்கள் நாலு விதமாக எழுதுவார்கள், தலைப்பெழுத்தையும் விட்டுவிடுவார்கள். ஆண்டையும் போட்டி நடந்த ஊரையும் வைத்துத் தேடினால் சீக்கிரம் அகப்படும். அவர் 'முதலாவது' என்று சொல்லிவந்த ஓட்டம் பேப்பரில் 'இரண்டாவது' என்று இருந்தால் ஆச்சரியப்படவேண்டாம், நாற்பது வருடத்தில் ஞாபகம் ஒரு இடம் முன்னேறுவது சகஜம். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுக்காமல் விட்டுவிடுங்கள்.

கிடைப்பதில் அஞ்சல் ஓட்டக் குழுவின் செய்திதான் அதிகம் பயன்படும், ஏனென்றால் அதில் மற்ற மூன்று பேரின் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்களை வைத்துத் தேடுங்கள். மின்சார வாரியத்துப் பழைய ஊழியர்களிடமும், போலீஸ், சிறைத்துறை ஓய்வூதியர்களிடமும் விசாரித்தால் யாராவது ஒருவர் அகப்படுவார். ஒருவர் கிடைத்தாலும் போதும், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரையும் ஏதாவது ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, தே தாரிக்குக்கும் ரொட்டிக்கும் நீங்களே காசு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்தப் பேச்சில் உங்களுக்கு வேலை இல்லை.